முத்துமாரிக்கு ரெண்டாவது போன் கிடையாது

எனக்குப் பேய் பிசாசு எதுலயும் நம்பிக்கை கிடையாதுங்க. இத சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லலை, நான் பாக்குற வேலை அப்படி. பட்டாசுக் கம்பெனி கேட்டுல நின்னு, உள்ள போற பொம்பளையாளுக அம்புட்டுப் பேரையும் தடவிப் பாத்து விடுற வேலை, பதினோரு வருசமா. அடுப்புப் பத்த வச்சுட்டு தீப்பெட்டிய இடுப்புல சொருகுனது ஞாபகமில்லாம வந்தவளைப் பிடிச்சிருக்கேன், தூக்குவாளி அடியில போனை வச்சு அதுக்கு மேல சோத்தைப் போட்டுக் கொண்டாந்தவளைப் பிடிச்சிருக்கேன். ஒருதடவை ஒரு பிள்ளை மேல ஏதோ வந்துருச்சுன்னு வாசல்லயே கெடந்து ஆடுனா, எல்லாரும் பயந்து தள்ளி நிக்காக, நான் அவ மடியைத் தடவிப் பாத்தபெறகுதான் மூஞ்சியில தண்ணியே அடிச்சேன். கைக்குத் தட்டுப்பட்டா உண்டு, தட்டுப்படலைன்னா இல்லை. அம்புட்டுத்தான் நான்.

இப்ப சொல்லப் போறதைக் கேட்டுட்டு நீங்க சிரிச்சாலும் சிரிப்பீக. படிச்சவுக நீங்க. பரவாயில்லை, முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

எனக்கு வீடு திருத்தங்கல். கம்பெனி ஆமத்தூருக்கு உள்ள தள்ளி, ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு, நடுவுல தார் போடாத ரோடு. காலையில கம்பெனி வேன் வந்து ஆளுகளை எறக்கி விடும். கேட்டை ஒட்டி ஒரு சின்ன ரூம். அதுலதான் எல்லாரும் போனை ஆஃப் பண்ணிக் குடுத்துட்டு ஒரு டோக்கன் வாங்கிட்டுப் போகணும். என் போனும் அந்த ட்ரேயிலதான் கெடக்கும். உள்ள செட்டுல பூராம் வெடிமருந்து. பாலியஸ்டர் சேலை கட்டுனாலே விடமாட்டோம், செருப்பு கூடாது, ரூமுக்குள்ள போறதுக்கு முன்ன ஒடம்புல இருக்குற கரண்டு எறங்குறதுக்காக செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் போகணும். எங்க மதினி வேற ஒரு கம்பெனியில வேலை பாத்தப்ப கை ரெண்டும் வெந்து போய், ஏழு மாசம் நான்தான் அவுகளுக்குச் சோறு ஊட்டுனேன். அதனால கேட்டுல எனக்கு எரக்கமே கிடையாதுன்னு பொம்பளைக பேசிக்கிருவாக. பேசட்டும்னு விட்டுருவேன்.

அந்தக் கேட்டு ரூமுல வாட்ச்மேன் இருளாண்டி அண்ணன் ஒரு ரேடியோ வச்சிருந்தாக. திருகுற ரேடியோ, பழசு. தெனம் பதினோரு மணிக்கு "முதல் மெட்டு" கேக்காம அவுகளுக்கு டீ எறங்காது. நீங்களும் கேட்டிருப்பீக. பாட்டோட தொடக்க இசையை மட்டும் ரெண்டு மூணு நொடி போடுவாக, என்ன பாட்டுன்னு போன்ல சொல்லணும். சரியாச் சொன்னா முழுப் பாட்டையும் போட்டு, யாருக்காகன்னு பேரும் வாசிப்பாக. நான் கல்யாணமாகி வந்த காலத்துலயே அது ஓடுச்சு, அப்ப கடுதாசி போட்டு விடை சொல்லுவாக, இப்ப போனு. அதை நடத்துற அம்மாவை இந்தப் பக்கம் எல்லாரும் மெட்டு அக்கான்னுதான் சொல்லுவாக. மூஞ்சியை ஒருத்தரும் பாத்ததில்லை.

இனி முத்துமாரி. ஆமத்தூர்க்காரி, முப்பது வயசு இருக்காது. பதினாலாம் நம்பர் ரூமுல திரி வைக்கிறா. புருசன் சிவகாசியில பிரஸ்ல இருக்கான், ஒரு பொம்பளைப் பிள்ளை. அவ குரல் எப்பவும் சளி பிடிச்ச மாதிரி கரகரன்னு இருக்கும், என்ன கேட்டாலும் மொதல்ல "இருங்க இருங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுத்தான் பதில் சொல்லுவா. பேரு என்னன்னு கேட்டாலும் "இருங்க இருங்க"தான். அதுக்காகவே அவளை எல்லாரும் கேலி பண்ணுவாக.

ஒரு செவ்வாக்கிழமை, நான் வெளிய நின்னு வேன் சிட்டையில கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். இருளாண்டி அண்ணன் உள்ளருந்து கூப்பிட்டாக.

"ஜெயராணி, இங்கன வாயேன். நம்ம முத்துமாரி ரேடியோவுல பேசுதா."

எனக்கு மொதல்ல புரியலை. உள்ள போறேன், ரேடியோவுல "இருங்க இருங்க"ன்னு கேக்குது. அந்தக் கரகரப்பு, அந்த அவசரம். அடுத்தாப்புல பாட்டோட மொத வரியைப் பாடியே காட்டுறா, மெட்டு அக்கா சரியான விடைன்னு சொல்லிட்டு, "ஆமத்தூர்ல மழையா முத்துமாரி?"ன்னு கேக்குறாக. "இப்பத்தான் தூறுது, இடி இடிச்சா எங்களை வேலையை நிப்பாட்டி வெளிய அனுப்பிருவாக"ன்னு இவ சொல்றா. நான் எட்டி வெளிய பாத்தேன். அப்பத்தான் மண்ணு புள்ளி புள்ளியா நனைய ஆரம்பிச்சிருக்கு. என்னைக்கோ பேசுனதை இன்னைக்குப் போடுறாகன்னு நெனைக்க வழியில்லை.

ட்ரேயைப் பாத்தேன். அவ பட்டன் போன் டோக்கனோட அப்படியே கெடக்கு, ஆஃப்ல. அப்ப எனக்கு வந்த ஒரே நெனப்பு, கள்ளி ரெண்டாவது போன் வச்சிருக்கா, என் கையைத் தாண்டிக் கொண்டு போயிருக்கா. மருந்து ரூமுக்குள்ள உக்காந்து போன்ல பாட்டுப் பாடுறா.

உள்ள ஓடக்கூடாது, வேகமா நடந்து போனேன். பதினாலாம் நம்பர்ல நாலு பேரும் குனிஞ்சு வேலை பாக்குறாக. முத்துமாரியை வெளிய கூப்பிட்டு மரத்தடியில வச்சுத் தடவுனேன், ஒண்ணுமில்லை. ரூம்ல தட்டு, விரிப்பு, எல்லாம் பாத்தேன், ஒண்ணுமில்லை. கூட இருந்த மூணு பேரும் அவ எந்திரிக்கவே இல்லைன்னு சத்தியம் பண்றாக. நான் அதை நம்பலை. நாலு பேரும் சேந்துதான் ஒளிச்சிட்டாகன்னு நெனைச்சேன்.

"கூடப்பொறந்தவ யாரும் இருக்காளா ஒனக்கு? ஒன் பேர்ல 'முதல் மெட்டு'ல பேசுறதுக்கு?"

"இருங்க இருங்க, நான் ஒத்தப் பிள்ளைக்கா. அந்த நிகழ்ச்சிக்கு நான் போன் போட்டு எத்தனையோ வருசமாச்சு, சின்னப் பிள்ளையில போட்டது. இப்ப ஏங்க்கா கேக்குறீக?"

அவ கேட்ட விதத்துல கள்ளத்தனம் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு, இம்புட்டு அழகா நடிக்கிறாளேன்னு. இருந்தாலும் மேனேஜர்கிட்ட நான் சொல்லலை. பிடிச்சுக் குடுக்கணும்னா பொருளோட பிடிச்சுக் குடுக்கணும். வெறுங்கையோட போய்ச் சொன்னா என் தலைதான் உருளும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மறுபடியும். இந்தத் தடவை நான் தயாரா இருந்தேன். பத்தே முக்காலுக்கே பதினாலாம் நம்பர் வாசல்ல போய் நின்னுக்கிட்டேன், கண்ணு அவ மேலயே. பதினொண்ணரை வரைக்கும் அவ தலையை நிமித்தலை, வாய் அசையலை, திரியை எடுக்கா, சொருகுறா, எடுக்கா, சொருகுறா. சரி, பயந்துட்டா, இனி இருக்காதுன்னு திரும்பி வந்தா, இருளாண்டி அண்ணன் கேட்டு வாசல்ல நிக்காக, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு.

"பேசிட்டா தாயி. பதினொண்ணு இருபதுக்குப் பேசுனா."

நான் அவுகளைச் சந்தேகப்பட்டேன். உண்மையைச் சொல்றேன், அந்த வாரம் நான் சந்தேகப்படாத ஆளே கிடையாது. இந்த மனுசன் எதையாவது பதிஞ்சு வச்சு வெளையாடுறாரோன்னு ரேடியோவைத் தூக்கித் தலைகீழாக் கவுத்து, பின்மூடியைக் கழட்டிப் பாத்தேன். பேட்டரியும் தூசியும்தான் இருந்துச்சு. அவுக மூடியைத் திரும்ப மாட்டுனாக. முத்துமாரி புருசன் பிரஸ்லருந்து எவளையாவது பேச வைக்கிறானோன்னு நெனைச்சேன். கம்பெனியில எனக்கு ஆகாதவுக சேந்து என்னைக் கெளப்பப் பாக்காகளோன்னும் நெனைச்சேன். வீட்டுல எங்க வீட்டுக்காரர் லாரியிலருந்து விழுந்து இடுப்பு ஒடஞ்சு படுத்தது நாலு வருசமாச்சு, மக காலேஜுல படிக்கா. இந்த வேலை போனா எனக்கு வேற கதி கிடையாது.

மறுநா காலையில முத்துமாரி கொண்டையை அவுத்துப் பாத்தேன். வரிசையில எல்லாரும் பாக்க, ரவிக்கை மடிப்பு வரைக்கும் பாத்தேன். அவ அழுதுட்டா.

"இன்னும் என்னக்கா பாக்கணும், தோலையும் உரிச்சுப் பாருங்க" அப்படின்னா. பின்னால நின்ன ஒருத்தி காறித் துப்புனா. எனக்குக் கேக்கணும்னுதான் துப்புனா.

அன்னைக்கு ராத்திரி ஒரு முடிவு பண்ணேன். திங்கக்கிழமை பதினோரு மணிக்கு அவளை வேலையை விட்டு எந்திரிக்கச் சொல்லி, கேட்டு ரூமுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். பெஞ்சுல உக்காத்தி வச்சு, நானும் பக்கத்துல உக்காந்து அவ வலது கையைப் பிடிச்சுக்கிட்டேன். மேசை மேல ட்ரே, ட்ரேக்குள்ள அவ போன், பக்கத்துல ரேடியோ. இருளாண்டி அண்ணன் கதவோரம் ஸ்டூல்ல. ரூமுல வேற ஈ எறும்பு கிடையாது. பேசு இப்ப, எப்படிப் பேசுறேன்னு பாக்குறேன்னு எனக்கு ஒரு வீம்பு.

மொதல்ல ராஜபாளையத்துலருந்து ஒரு பெரியவர் பேசுனாரு, தப்பாச் சொன்னாரு. அப்புறம் சாத்தூர்லருந்து ஒரு டீச்சர். அப்புறம் மெட்டு அக்கா, "அடுத்து யாரு பேசுறீங்க?"ன்னு கேட்டாக.

"இருங்க இருங்க, நான் ஆமத்தூர்லருந்து முத்துமாரி."

நம்புனா நம்புங்க, நம்பாட்டா போங்க. அவ எம்பக்கத்துல உக்காந்திருக்கா. வாய் மூடியிருக்கு, ஒதடு காஞ்சு ஒட்டிப் போயிருக்கு, தொண்டைகூட அசையலை. அவ நாடி ஓடுறது என் வெரலுக்குத் தெரியுது. ரேடியோவுல அவ பேசுறா.

"சொல்லுங்க முத்துமாரி, இப்ப எங்க இருக்கீங்க?"

"கம்பெனி கேட்டு ரூமுல இருக்கேன். ஜெயராணி அக்கா என் கையைப் பிடிச்சிருக்காக. வலிக்குது."

நான் கையை விட்டுட்டேன். விட்டபெறகுதான் பாக்குறேன், அவ மணிக்கட்டுல என் நாலு வெரலும் செவப்பாப் பதிஞ்சிருக்கு. அம்புட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கேன், எனக்கே தெரியலை. ரேடியோவுல மெட்டு அக்கா சிரிக்காக, ஏதோ வெளையாட்டுப் பேச்சுன்னு நெனைச்சுட்டாக போல. மெட்டைப் போட்டாக. அந்தக் குரல் பாட்டைச் சரியாச் சொல்லுச்சு. "யாருக்காக இந்தப் பாட்டு?"ன்னு கேட்டதுக்கு, "ஜெயராணி அக்காவுக்குத்தான்"னு சொல்லுச்சு.

முழுப் பாட்டும் ஓடுச்சு. ரேடியோவை அமத்தணும்னு யாருக்கும் தோணலை. பாட்டு முடியிற நேரம் முத்துமாரி எம்பக்கம் திரும்பி, சன்னமா, சின்னப் பிள்ளை கேக்குற மாதிரி கேட்டா.

"அக்கா, அது யாருக்கா?"

நான் எந்திரிச்சு ரேடியோவை அமத்துனேன்.

பத்து நிமிசம் ஆகியிருக்காது, மேனேஜர் சார் பைக் வந்து நின்னுச்சு. மொதலாளி வீட்டம்மா தெனம் அந்த நிகழ்ச்சி கேப்பாகளாம். கம்பெனிப் பேரு சொல்லலைன்னாலும் ஆமத்தூரு, கேட்டு ரூமு, ஜெயராணி அக்கான்னா அவுகளுக்குத் தெரியாதா. ஒடனே சாருக்குப் போன் போட்டிருக்காக.

"வேலை நேரத்துல ஒரு பொண்ணு கம்பெனி கேட்டுலருந்து ரேடியோவுக்குப் போன் பேசியிருக்கா, நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்க. இதுக்கு என்ன அர்த்தம் ஜெயராணிம்மா? நீங்க விட்டீங்களா, இல்லை அவ ஒளிச்சாளா? ரெண்டுல ஒண்ணு. எழுதிக் குடுங்க."

நடந்ததைச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். திறந்துட்டு யோசிச்சேன். இவ பேசவே இல்லை சார், ஆனா ரேடியோவுல பேசுனா. இத எப்படிச் சொல்ல? எனக்கு ஒருத்தி வந்து இப்படிச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? மடியைத்தானே தடவிப் பாப்பேன்.

பேப்பரை வாங்கி எழுதுனேன். முத்துமாரி ரெண்டாவது போன் ஒண்ணு ஒளிச்சுக் கொண்டாந்தா. நான் பிடிக்கப் போகையில கையை உதறிட்டு, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள்ள அதை எறிஞ்சுட்டா. பேசும்போதே நான் கையைப் பிடிச்சிட்டேன், அதனாலதான் என் பேரைச் சொன்னா. இப்படிக்கு ஜெயராணி. அவ மணிக்கட்டுல இருந்த வெரல் தடத்தைக்கூட சார்கிட்ட சாட்சியாக் காட்டுனேன். இருளாண்டி அண்ணனைக் கேட்டதுக்கு, "நான் லோடு லாரிக்குக் கேட்டு தெறக்கப் போயிட்டேன் சார், பாக்கலை"ன்னு சொல்லிட்டாக. அன்னைக்கு லாரியே வரலை.

அன்னைக்கே அவளை வேலையை விட்டு நிப்பாட்டிட்டாக. முத்துமாரி சண்டை போடலை. ட்ரேயிலருந்து அவ போனை எடுத்துக்கிட்டு, டோக்கனை எங்கிட்ட நீட்டுனா. நான் வாங்கிக்கிட்டேன். அவ மொகத்தை நான் பாக்கலை. காட்டுக்குள்ள போய் யாரும் அந்தப் போனைத் தேடவும் இல்லை.

எங்க பக்கம் ஒரு கம்பெனியில போன் விசயத்துல வெளிய போனவளை இன்னொரு கம்பெனியில சேக்க மாட்டாக, செய்தி ஒரு நாள்ல பரவிரும். வெம்பக்கோட்டைப் பக்கம் மக்காச்சோளக் காட்டுல கூலிக்குப் போறான்னு கேள்விப்பட்டேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட நேரமில்லாம காட்டுக்கே கூட்டிட்டுப் போறாளாம். நான் ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனவ, ஆராதனை முடிஞ்சு பாஸ்டர் ஐயரைப் பாத்து எல்லாத்தையும் சொல்லிரலாம்னு நின்னேன். எனக்கு முன்ன ரெண்டு பேரு நின்னாக. அவுக பேசி முடிக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துட்டேன். ஆமத்தூர் வழியா பஸ் போகும்போது அவ தெரு வரும், அந்தப் பக்கம் சன்னல்ல உக்கார மாட்டேன். இருளாண்டி அண்ணன் ரேடியோவை வீட்டுக்குக் கொண்டு போயிட்டாக. நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூமுல நாள் முச்சூடும் உக்காந்து, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்லை. "முதல் மெட்டு"ல முத்துமாரி பேரும் அதுக்கப்புறம் வரலைன்னு பொம்பளைக பேசிக்கிட்டாக. அப்ப பேசுனது அவதான்னு அவுகளுக்கு இன்னும் உறுதியாப் போச்சு.

அவ போய் ஒரு மாசம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மேனேஜர் சார் ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டாரு. போனா, உக்காருங்கன்னாரு. பதினோரு வருசத்துல என்னை அவரு உக்காரச் சொன்னதில்லை.

"பரவாயில்லை ஜெயராணிம்மா, தைரியமாத்தான் சொல்லியிருக்கீங்க. மொதலாளியம்மா கேட்டுட்டு அழுதுட்டாங்க. ஆனா ஊரு பூராக் கேக்குற மாதிரி ரேடியோவுல சொல்றதுக்கு முன்னால, எங்கிட்ட நேர்ல வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"எதைச் சார்?"

அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. இன்னைக்குப் பதினொண்ணேகாலுக்கு நான் "முதல் மெட்டு"ல பேசியிருக்கேனாம். திருத்தங்கல் ஜெயராணின்னு பேரு சொல்லியிருக்கேனாம். மெட்டைப் போட்டதும், எனக்குப் பாட்டுத் தெரியாது, ஒரு விசயம் சொல்லணும்னு, முத்துமாரிக்கு ரெண்டாவது போன் கிடையாது, நான் என் வேலைக்குப் பயந்து பொய்யா எழுதிக் குடுத்தேன், அவ கையை நான்தான் இறுக்குனேன்னு சொல்லியிருக்கேனாம்.

நான் இல்லைன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. இல்லைன்னா, எழுதுனது உண்மைன்னு ஆயிரும். ஆமான்னா, நான் பேசுனேன்னு ஆயிரும். சும்மா தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன், அவரு அதை ஆமான்னு எடுத்துக்கிட்டாரு.

திரும்பி வந்து ட்ரேயில என் போனைப் பாத்தேன். ஆஃப்ல இருக்கு. போட்டுப் பாத்தா, காலையில மகளுக்குப் பேசுனதுதான் கடைசி.

என்னை வேலையை விட்டு எடுக்கலை, தப்பை ஒத்துக்கிட்டவளை அனுப்பக் கூடாதுன்னு மொதலாளியம்மா சொல்லிட்டாகளாம். கேட்டுலருந்து மாத்தி பேக்கிங்ல போட்டாக. முத்துமாரியை ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்து பழைய எடத்துலயே சேத்துக்கிட்டாக. மொத நாளே அவ பேக்கிங் செட்டுக்கு வந்தா, மகளையும் கூட்டிட்டு கேட்டு வரைக்கும் வந்திருந்தா போல, பிள்ளைக்குன்னு வாங்குன மிக்சர் பொட்டலத்தை என் கையில வச்சா.

"இருங்க இருங்க, எதுவும் சொல்லாதீகக்கா. எனக்கு உங்க மேல கோவம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா நாலு ஊரு கேக்க யாருக்கா இப்படிச் சொல்லுவா?"

பேசுனது நான் இல்லைன்னு அப்பவாவது சொல்லியிருக்கலாம். அவளுக்குத்தான் அது என்னன்னு தெரியும், அவ ஒருத்திதான் நம்பியிருப்பா. ஆனா அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பொம்பளைக எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாக. அந்த நன்றியை நான் வாங்கி வச்சுக்கிட்டேன். இன்னைக்கும் நான்தான் வச்சிருக்கேன்.

இதோட விட்டிருந்தா நானும் எப்படியோ மனசைத் தேத்தியிருப்பேன். எனக்குப் பிடிக்காதவ எவளோ என் பேரைச் சொல்லிப் பேசியிருக்கா, இருளாண்டி அண்ணனுக்கு மனசு உறுத்தி யாரையோ பேச வச்சிருக்காக, இப்படி ஏதாவது ஒண்ணைச் சொல்லி. ஆனா எம்மக இருக்காளே, இப்பல்லாம் அந்த நிகழ்ச்சியை நெட்ல போட்டுருவாகம்மான்னு ஒருநா சொல்லி, தேடி எடுத்து என் காதுல இயர்போனைச் சொருகிட்டா.

என் குரல்தான். பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. நான் மூச்சு வாங்குற விதம், வார்த்தைக்கு நடுவுல எச்சி முழுங்குறது, எல்லாம். மக கண்ணு கலங்கி எம்மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா, அவளுக்கு என் மேல பெருமை.

அந்தக் குரல் "என் வேலைக்குப் பயந்து"ங்கிற எடத்துக்கு வரும்போது, பின்னால கொஞ்சம் தள்ளி வேற ஒரு சத்தம் கேக்குது. "ஏப்பா, நிப்பாட்டு நிப்பாட்டு, பின்னால தூணு, தூணு இடிக்குது"ன்னு ஒரு பொம்பளை கத்துறா. மகளுக்கு அது யாருன்னு தெரியலை, யாரோ ரோட்டுல கத்துறாங்கம்மான்னா.

அதுவும் நான்தான். அந்த வியாழக்கிழமை பதினொண்ணேகாலுக்கு, அட்டைப்பெட்டி எறக்க வந்த லாரிக்காரன் ரிவர்ஸ் எடுக்குறேன்னு கேட்டுத் தூணுல இடிக்கப் போனான். இருளாண்டி அண்ணன் லாரிக்குப் பின்னால ஓடுனாக. நான் கேட்டு ரூம் வாசப்படியில நின்னு கத்துனேன், ரூமுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. உள்ள யாரும் கிடையாது, பெஞ்சும் மேசையும் ட்ரேயும்தான்.

பேசுன குரல் போனுக்குக் கிட்ட இருக்கு. கத்துன குரல் ஆறடி, ஏழடி தள்ளிக் கேக்குது. வாசப்படிக்கும் பெஞ்சுக்கும் அம்புட்டுத் தூரம்தான் இருக்கும்.

அதுகூடப் பரவாயில்லைங்க. நான் கத்தும்போது அது பேச்சை நிப்பாட்டிருச்சு. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறந்தான் மிச்சத்தைச் சொல்லுச்சு.